யமுனைக்குப் படியளப்பவர் யார்?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். "யமுனையைத் தூய்மை செய்கிறோம் என்று முப்பது ஆண்டுகளாகக் கோடி கோடியாகச் செலவிட்டு வருகிறார்கள். நான் இவ்வூருக்கு வந்தபோது பார்த்த ஆற்றுக்கும் இன்று பார்க்கும் ஆற்றுக்கும் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லையே! அவ்வளவு பணமும் எங்கே போயிற்று?" அருகிலிருந்த இளைஞர் ஒருவர் சற்றும் தயங்காமல், "எல்லாம் தின்றுவிட்டார்கள், ஐயா" என்றார். அனைவரும் சிரித்தோம், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அந்த விடை கேட்பதற்குச் சுவையானது, ஆயினும் போதாதது. கையாடலும் ஊழலும் இந்நாட்டில் இல்லையென்று சொல்லுமளவிற்கு நான் பேதையல்லன். ஆனால் ஒரு காசும் களவு போகாமல், அத்தனையும் நேர்மையாகவே செலவாகியிருந்தாலும், ஆறு ஏறத்தாழ இதே நிலையில்தான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. பொதுப்பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைவிட, எதற்கென்று ஒதுக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது என்பவற்றிலேதான் நோயின் வேர் இருக்கிறது. நாள் முழுதும் பேரேடுகளோடு உறவாடும் இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இந்தக் கணக்கு சற்றுப் பழக்கமானது. ஆகவே இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். யமுனோத்திரியில் பிறந்து பிரயாகையில் கங்கையோடு கலக்கும் யமுனை 1376 கிலோமீட்டர் நீளமுடையது. அதில், தில்லியின் வசீராபாத் அணைக்கும் ஓக்லா அணைக்கும் இடையே உள்ள தொலைவு 22 கிலோமீட்டர்தான். நூற்றில் இரண்டு பங்குகூட நிரம்பாது. ஆனால் ஆற்றில் சேரும் மாசில் முக்காற்பங்கு அளவிற்கு இச்சிறு துண்டிலேயே சேர்கிறது என்று கணித்திருக்கின்றனர். வசீராபாத்தில் குடிநீருக்காக ஆறு ஏறத்தாழ முழுதுமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அணையைத் தாண்டியதும் நஜஃப்கர் கால்வாய் வந்து விழுகிறது. ஒரு காலத்தில் சாஹிபி என்னும் ஆற்றின் நீரைக் கொணர்ந்த வழி அது. இன்று மாநகரின் பெருஞ்சாக்கடை. ஆகவே மழைக்காலம் நீங்கலாக, பாலத்தின்மேல் வண்டியில் செல்லும்போது நாம் காண்பது இமயத்து நீரன்று. நம் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் புறப்பட்டுச் சென்ற நீரையே மேலிருந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். குளிர்காலத் தொடக்கத்தில் காளிந்தி குஞ்ச் அருகே பஞ்சுப்பொதிபோல் மிதக்கும் நுரையில் நாம் துணி துவைத்த சோப்புத்தூளுக்கும் பங்கு உண்டு.

குளிப்பதற்கு ஏற்ற நீரென்றால் ஒரு லிட்டரில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு கரைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஓக்லாவை நெருங்கும்போது அந்த அளவு பல மாதங்களில் சுழியமாகிவிடுகிறது. மீன் மூச்சுவிடவும் வழியில்லாத நீரில்தான் நம்மவர் சிலர் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கின்றனர்.

இனிச் செலவுக் கணக்கு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. 1986-இல் கங்கைச் செயல்திட்டமும், 1993-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் யமுனைச் செயல்திட்டமும் தொடங்கின. 2015-இல் நமாமி கங்கைத் திட்டத்திற்கு ஐந்தாண்டுகளுக்கென 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. யமுனையும் கங்கையில் சேரும் ஆறாதலால் அத்திட்டத்தில் அதற்கும் இடமுண்டு. பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் கங்கைத் திட்டத்தில் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டும் செலவை மத்திய அரசாங்கம் ஏற்றது. கட்டி முடித்த பின்னர் அவற்றை நாள்தோறும் இயக்கும் சுமை நாளடைவில் மாநிலங்களின் தலையிலும் நகராட்சிகளின் தலையிலும் வந்து இறங்கியது. நகராட்சிகளோ தெருவிளக்குக் கட்டணத்தையே தவணை சொல்லிச் செலுத்துபவை. விளைவு என்ன? இலக்கில் பாதியளவும் எட்டப்படவில்லை என்பதையும், மின்விசையின்றியும் பராமரிப்புப் பணமின்றியும் நிலையங்கள் முடங்கிக் கிடந்ததையும் 2000-ஆம் ஆண்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

எங்கள் இரயில்வேயில் இருப்புப்பாதை போடுவதற்கு ஒரு கணக்கு. போட்ட பாதையைக் காப்பதற்கு வேறு கணக்கு. முன்னது மூலதனம், ஒரு முறை செலவிட்டால் முடிந்தது. பின்னது ஆண்டுதோறும், நாள்தோறும் வரும் செலவு. கீமேன் ஒருவர் சுத்தியலும் சாவியுமாக விடியற்காலையில் தமக்குரிய தொலைவு முழுதும் தண்டவாளத்தின் வழியே நடந்து, தளர்ந்த முடுக்கிகளை இறுக்கிக்கொண்டே வருகிறார். சரளைக்கல்லை அவ்வப்போது தட்டிச் சரிசெய்ய ஒரு கூட்டம் இருக்கிறது. தேய்ந்துபோவதை மாற்றுவதற்கென்றே தேய்மானச் சேமநிதி என்று ஒன்று தனியே வைத்திருக்கிறார்கள். புதிய பாதையைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், கொடியசைப்பார், படம் எடுப்பார்கள். கீமேனைப் படம் எடுப்பவர் ஒருவருமில்லை. ஆனால் அவருடைய சம்பளத்தை ஆறு மாதம் நிறுத்திப் பாருங்கள், அந்தப் பாதையில் எந்த வண்டியையும் நம்பி விட முடியாது. ஆற்றுத் திட்டங்களில் கொடியசைப்பதற்குப் பணம் ஒதுக்கினார்கள். கீமேனுக்கு ஒதுக்க மறந்தார்கள்.

இதைக் கட்டடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதே இதிலுள்ள சங்கடம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்பது உண்மையில் ஓர் உயிர்ப்பண்ணை. முதலில் கம்பிவலையில் கந்தலையும் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு தொட்டியில் நீரைத் தேக்கி மண்ணைப் படியவிடுகிறார்கள். அதன்பின் பெரிய தொட்டிகளில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அவை தின்னவேண்டுமானால் மூச்சுவிட வேண்டும். அதற்காக இராப்பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஊதுகருவிகளே மின்விசையை விழுங்குபவை. மின்விசை நெடுநேரம் நின்றுவிட்டால் நுண்ணுயிர்கள் நலிந்துவிடுகின்றன. மீண்டும் வளர்த்தெடுக்கப் பல நாட்கள் ஆகும். அதுவரை உள்ளே போன நீர் போனபடியே வெளியே வருகிறது. கட்டடம் மட்டும் வெள்ளையடித்து, பெயர்ப்பலகையோடு கம்பீரமாக நிற்கும்.

எங்கள் வண்டிகளிலும் இதே கதை உண்டு. சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நூறாண்டுகளுக்கு மேலாக இரயில் பெட்டிகளின் கழிப்பறைகள் தண்டவாளத்தின்மேலும் ஆற்றுப் பாலங்களின்மேலும் திறந்தவாறே இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு பயணிகள் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தினார்கள். அவற்றின் தொட்டியிலும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. பயணி ஒருவர் தண்ணீர்ப் புட்டியை உள்ளே போட்டு அடைத்துவிட்டால், அடுத்த நிலையத்தில் எடுக்க ஆள் வேண்டும். பொருத்திய செலவு ஒரு முறை. ஆள் செலவு என்றென்றைக்கும்.

நம் முன்னோர் இந்தக் கணக்கை அறிந்திருந்தனர் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஏரியைக் காப்பதே அதன் வேலை. ஏரியை வெட்டியவன் பெயரைப் பாடிவிட்டு அவர்கள் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் தூர் எடுக்கவும் கரையை உயர்த்தவும் ஏரிப்பட்டி என்று நிலத்தையே ஒதுக்கிவைத்தார்கள். அந்நிலத்தின் விளைச்சல் ஏரிக்கே உரியது. மன்னன் மாறினாலும், அதிகாரி மாறினாலும், நெல் விளைகின்றவரை ஏரிக்குப் படியளப்பு நடக்கும். இன்றைய மொழியில் சொன்னால், மூலதனத்தோடு பராமரிப்பு வருவாயையும் சேர்த்தே கொடுத்தார்கள். இதனால் பழங்காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ ஏரிகள் அன்றும் உடைந்தன.

தில்லிக்குத் திரும்புவோம். நிலையங்கள் இயங்கினால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கழிவுநீர் நிலையத்திற்கு வந்து சேரவேண்டும். 2023-ஆம் ஆண்டளவில் இம்மாநகரில் நாளொன்றுக்கு உண்டான கழிவுநீர் ஏறத்தாழ 79 கோடி கேலன். நிலையங்களின் கொள்ளளவு சுமார் 66 கோடி கேலன். உண்மையில் அவற்றுள் சென்று சுத்திகரிக்கப்பட்டது 56 கோடி கேலன் அளவுதான். கொள்ளளவே குறைவு, இருக்கும் கொள்ளளவிலும் பத்துக்கோடி கேலனுக்கு இடம் காலி! ஆற்றிலோ அழுக்கு நிரம்பி வழிகிறது. இது எப்படி என்று கேட்பீர்கள். இம்மாநகரில் ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட அங்கீகாரமில்லாத குடியிருப்புகள் உள்ளன. அவற்றுள் பலவற்றிற்கு நெடுங்காலம் கழிவுநீர்க் குழாயே கிடையாது. மழைநீருக்கென வெட்டிய வாய்க்காலே அவர்களுக்குச் சாக்கடை. குழாய் இருக்கும் இடங்களிலும் சில பழைய பெருங்குழாய்கள் மண் அடைந்தும் இடிந்தும் போயின. இதைச் சரிசெய்யவே நஜஃப்கர், துணைக்கால்வாய், ஷாதரா ஆகிய மூன்று கால்வாய்களின் ஓரமாக 59 கிலோமீட்டருக்கு இடைமறிப்புக் குழாய்கள் போட்டார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் குழாய்க்கு யார் மாலையிடுவார்கள்? ஆகையால்தான் அது எப்போதும் கடைசியாகவே வருகிறது. ஆற்றங்கரையில் படித்துறை கட்டவும் விளக்கு வைக்கவும் முன்னதாகவே பணம் கிடைத்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. நமாமி கங்கைத் திட்டத்தில் நிலையம் கட்டும் நிறுவனத்திற்கு முழுப் பணத்தையும் உடனே கொடுப்பதில்லை. கட்டும்போது நூற்றுக்கு 40 பங்கு. எஞ்சிய 60 பங்கு 15 ஆண்டுகளில், தவணையாக, வெளிவரும் நீர் குறித்த தரத்தில் இருந்தால்தான். இயக்கும் செலவும் அந்த ஒப்பந்தத்திலேயே அடங்கும். யமுனைக்கரையிலுள்ள மதுராவில் இம்முறையில் புதிய நிலையம் ஒன்றைக் கட்டி, பழைய நிலையங்களையும் புதுப்பித்து, 2024 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே சுத்திகரித்த நீரில் நாளொன்றுக்கு 2 கோடி லிட்டரை மேலும் தூய்மையாக்கி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் அத்திட்டத்தில் சேர்ந்தது. ஆலை ஆற்றிலிருந்து எடுக்கும் நல்ல நீர் அந்த அளவுக்கு மிச்சம். இம்முறையை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நீர் தரமாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே மேசையில் காப்பி குடிப்பவர்களாக இருந்தால் 15 ஆண்டுத் தவணையும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆறும் ஒழுங்காகக் கறுத்தே ஓடும்.

சரி, இந்த அன்றாடச் செலவை யார் கொடுப்பது? ஆலைக்காரர் அழுக்காக்கினால் அவரே கொடுக்கவேண்டும், அதில் ஐயமில்லை. அழுக்குச் செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டில் உறுதிபெற்றதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. ஆனால் யமுனையில் பெரும்பங்கு அழுக்கு ஆலைகளுடையதன்று; வீடுகளுடையது. அப்படியானால் ஈடு செய்யவேண்டியவர் யார்? கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோன்ற கேள்வி இது. 2015-இல் மாதம் 20,000 லிட்டர்வரை நீர் செலவிடும் வீடுகளுக்குக் கட்டணமில்லை என்னும் ஏற்பாடு தில்லியில் வந்தது. நீர்க் கட்டணத்தோடு ஒட்டியே கழிவுநீர்க் கட்டணமும் கணக்கிடப்படுவதால், அவ்வீடுகளுக்கு அதுவும் இல்லாமற்போயிற்று. ஏழையின் குடத்துக்கு விலை வைப்பதை நான் விரும்புகிறவனல்லன். ஆனால் மூன்று அறை வீட்டில் துணி துவைக்கும் இயந்திரமும் வைத்துக்கொண்டு, சுழியம் போட்ட பட்டியலைப் பார்த்து மகிழும் என்போன்ற மாதச் சம்பளக்காரர்கள், கழிவுநீருக்கு மட்டுமாவது ஒரு கட்டணம் செலுத்துவதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஏழைகளின் பங்கை அரசாங்கம் கருவூலத்திலிருந்து நீர் வாரியத்திற்குக் கொடுக்கட்டும். ஆனால் காலத்தில் கொடுக்கட்டும்.

இதைப் படிக்கும் சிலர், பணம் கொடுக்காவிட்டால் ஆறு கெட்டுப்போகும், அவ்வளவுதானே என்று எண்ணக்கூடும். அவ்வளவுதான் அன்று. பராமரிப்புக்குப் பணம் இல்லாத இடத்தில், இயந்திரத்திற்குப் பதிலாக மனிதன் இறங்குகிறான். கழிவுநீர்க் குழிக்குள் மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் செய்தார்கள். உள்ளே இறங்கி உயிரிழந்தவரின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டி வந்ததே, இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. குழாயைத் தூர் எடுக்கும் இயந்திரத்தை வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் எந்தப் பேரேட்டில் வரவு வைக்கப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மற்றொன்றும் நம் சங்கத்தார் மறக்கமுடியாதது. நிஜாமுத்தீன் இரயில் நிலையத்திற்கு அருகே ஜங்புராவில், பாராபுல்லா கால்வாயின் ஓரத்தில் மதராசி முகாம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அக்கால்வாய் யமுனையில் சேர்வது. தென்னாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம்மவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். சுற்றுப்புறத்து வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கால்வாயின் அடைப்பை நீக்கி மழைநீருக்கு வழிசெய்ய வேண்டுமென்ற உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்கள். மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று 189 குடும்பங்களைத் தேர்ந்தார்கள். வீடு கொடுத்த இடம் நரேலா, நகரின் மறுகோடி. விடியற்காலையில் ஜங்புராவில் பாத்திரம் துலக்கச் சென்ற தாய்க்கு நரேலா ஒரு வீடா, ஊர்மாற்றமா?

கால்வாயைத் தூர் வாரவேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இதுவரை அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்! ஆனால் ஆற்றைத் தூய்மை செய்யும் திட்டத்தில் குழாய்க்கு ஒரு தலைப்பு, இயந்திரத்திற்கு ஒரு தலைப்பு, ஆலோசகருக்கு ஒரு தலைப்பு இருக்கும்போது, கரையில் வாழ்ந்தவர்களை வேலைக்கு அருகிலேயே குடியமர்த்த ஒரு தலைப்பு ஏன் இல்லை? அத்தலைப்பு இல்லாததால் செலவு மறைந்துவிடவில்லை. அந்த 370 குடும்பங்கள் அதைத் தங்கள் கையிலிருந்து கொடுத்தன. அவர்களைவிடப் பலமடங்கு கழிவுநீரைக் கால்வாய்க்கு அனுப்பிய மாடிவீடுகள் ஒன்றும் கொடுக்கவில்லை.

ஆற்றில் ஓடவேண்டிய நல்ல நீரைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. 1994-இல் ஐந்து மாநிலங்கள் செய்துகொண்ட பங்கீட்டைப் பற்றித் தனியே ஒரு திங்கள் எழுதவேண்டும்; கழிவுநீரை எவ்வளவு சுத்திகரித்தாலும், ஆற்றில் ஆற்றுநீரும் கொஞ்சம் ஓடியாக வேண்டும்.

தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மாதந்தோறும் யமுனையின் நீரைப் பல்லா, வசீராபாத், பேருந்து நிலையப் பாலம், ஐ.டி.ஓ. பாலம், நிஜாமுத்தீன் பாலம், ஓக்லா, அஸ்கர்பூர் முதலிய இடங்களில் அளந்து வெளியிடுகிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒவ்வொன்றிலிருந்தும் வெளிவரும் நீரின் தரத்தையும் அவ்வாறே வெளியிடுகிறது. எவரும் பார்க்கலாம். பார்ப்பவர்தாம் குறைவு. நம் படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் திருமண அழைப்புகளுக்கும் இசைக்கச்சேரி விளம்பரங்களுக்கும் நடுவே ஒரு முழத்தாளுக்கு இடம் விடும்படி செயலாளர் அவர்களைக் கேட்டிருக்கிறேன், இசைந்திருக்கிறார். வரும் மாதத்திலிருந்து அவ்வெண்களை அதில் எழுதிவைப்பேன். நம் வட்டாரத்துக் கழிவுநீர் எந்த நிலையத்திற்குச் செல்கிறதோ அதன் வரிசையைச் சிவப்பு மையில் காணலாம். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு நம் வாயிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அந்தப் பலகையின் அருகில்தான் நிற்பார்கள்.